நடுத்தெருவில் போன கோடு

அந்த அலுவலகத்தில் நகரத்துக்குப் பெயர் கிடையாது. தெருவுக்கும் கிடையாது. சுவரை அடைத்துக்கொண்டு தொங்கும் வெள்ளை வரைபடத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஓர் எண். அந்த எண், அங்கே குடியிருக்கும் தலைகளின் கணக்கு. யார் எந்தக் கட்சி, யார் வசதி, யார் அன்றாடங்காய்ச்சி, யார் யாரோடு ஓடிப்போனார் என்ற கதையெல்லாம் அதில் வராது, வரவும் கூடாது. மதியத்தில் ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் சாயும்போது, ஊர் மொத்தமும் தூங்கிப்போய் அதன் மூச்சு மட்டும் எண்களாக மேலே மிதப்பதுபோல் இருக்கும். தினமும் இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் பைத்தியம்தான் பிடிக்கும் என்று வேலைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் ஓடிவிட்டார்கள். கோட்டுக்காரி ஓடவில்லை. அவளுக்கு அந்த வெள்ளை பிடித்திருந்தது.

கோட்டுக்காரி என்பது அவள் தெருக்காரர்கள் வைத்த பெயர். தொகுதி எல்லைகளைத் திருத்தியமைக்கும் ஆணையத்தில் வரைபடம் போடுவது அவள் வேலை. விஷயம் தெரிந்த நாளிலிருந்து காய்கறிக் கடையில்கூட அவளை விடமாட்டார்கள். "நீங்கதான் தொகுதிய வெட்டறீங்களாமே, எங்க வீட்ட நல்ல ஆளு பக்கமா வெட்டி விடுங்க" என்பார்கள். "நான் எங்கங்க வெட்டறேன், பென்சில் பிடிக்கறதோட சரி" என்று வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்தபடியே நழுவிவிடுவாள்.

உண்மையும் அதுதான். முடிவு செய்கிறவர்கள் மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. அடுத்தவர் தேர்தல் நடத்தும் அதிகாரி. மூன்றாமவர் மக்கள்தொகைக் கணக்கிலேயே முடி நரைத்த ஓர் அம்மாள். தொகுதியில் ஜெயித்துப் பதவியில் இருக்கும் உறுப்பினர்களையும் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள், காபி கொடுப்பார்கள், மனம்விட்டுப் பேசவும் விடுவார்கள். முடிவெடுக்கும்போது மட்டும் அவர்களுக்குக் கணக்கில் இடமில்லை. தன் தோட்டத்துக்கு வேலியைத் தானே போட்டுக்கொள்ளச் சொன்னால் மனுஷன் எங்கே போய் நிறுத்துவான் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

எதற்கு இந்தப் பாடு என்றால், ஊர் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒரு பக்கம் புது வீடுகள் முளைத்துத் தொகுதி பிதுங்கும். இன்னொரு பக்கம் ஆலையை மூடிவிட்டு, ஆட்கள் போய்விட்டு, தொகுதி காற்று வாங்கும். அப்படியே விட்டால் அங்கே ஒருவர் போடும் ஓட்டு இங்கே இரண்டு பேர் போடுவதற்குச் சமமாகிவிடும். ஆகவே பல வருடங்களுக்கு ஒருமுறை எல்லாக் கோட்டையும் அழித்து, தலைகளைச் சமமாகப் பங்கு போட்டு, மறுபடி வரைய வேண்டும். கோடு யார் வீட்டுக்குள்ளும் புகக்கூடாது. ஆறு, ரயில் பாதை, தெருவின் நடு, இவற்றின் மேல்தான் போகலாம். வரைவை வெளியிட்டு, ஊராரைக் கூப்பிட்டு ஆட்சேபம் கேட்பார்கள். கேட்டு முடித்து மூவரும் கையெழுத்துப் போட்டு அரசிதழில் வந்துவிட்டால் கதை முடிந்தது. அதற்குமேல் எந்தக் கோர்ட்டும் அந்தக் கோட்டைத் தொட முடியாது.

இன்னொரு விதியும் உண்டு. வரைகிறவர் தன் வீடு இருக்கிற தாளைத் தொடக்கூடாது, அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லவும் கூடாது. அவரோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் ஆட்சேபம் போடவும் கூடாது. அதனால் கோட்டுக்காரியின் பகுதி, அலுவலகத்தில் ரப்பர் என்று கூப்பிடப்படுகிறவரிடம் போயிருந்தது. ரப்பர் அவளுக்கு மூத்தவர், எல்லாவற்றையும் கணினியில் வரைகிற காலத்திலும் சட்டைப்பையில் ஓர் அழிரப்பரை வைத்திருப்பவர். திரையில் தப்பு செய்தால் அதை எடுத்து மேசையை நாலு தேய் தேய்ப்பார். அப்புறம்தான் அவருக்குக் கை ஓடும்.

மழை விட்ட ஒரு மதியம். சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய கோட்டுக்காரி, ரப்பரின் மேசையைத் தாண்டும்போது நின்றுவிட்டாள். திரையில் பெயரில்லாத தெரு ஒன்று. ஆனாலும் தான் குடியிருக்கும் தெருவின் வளைவு யாருக்குத்தான் தெரியாது? அந்த வளைவின் நடுவே நீலமாய் ஒரு கோடு போயிருந்தது. அவள் வீடு இந்தத் தொகுதி, எதிர்வீடு அந்தத் தொகுதி. மழைத்தண்ணீர் சொட்டும் சத்தம் எங்கேயோ கேட்டது.

எதிர்வீட்டில் அவள் அக்கா இருந்தாள்.

அக்கா பல் செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் வாயளவு எடுத்து அனுப்புவார்கள். அக்கா தன் முன்னறையிலேயே மாவு அச்சு வார்த்து, மெழுகு உருக்கி, ஒவ்வொரு பல்லாக வரிசை பிடிப்பாள். அச்சுகளை ஜன்னலோரம் காய வைப்பாள். காலையில் கோட்டுக்காரி கதவைத் திறந்தால், யார் யாருடைய பல் வரிசையோ எதிர் ஜன்னலிலிருந்து அவளைப் பார்த்து இளிக்கும். செய்தவள் மட்டும் சிரிக்கமாட்டாள். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று வருடக்கணக்காகிவிட்டது.

அம்மா அக்காவோடு இருந்தவள். தங்கை எல்லை பார்க்க வெளியூர் போயிருந்த ஒரு நாள், அம்மாவுக்கு மூச்சு முட்டி, பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துபோனது. போன் எடுக்காத மலைப்பக்கம் இருந்தவளுக்கு மறுநாள்தான் சேதி கிடைத்தது. விழுந்தடித்து வந்தவள் அக்காவைப் பார்த்து, "கடைசி வார்த்தையெல்லாம் நீயே வாங்கிக்கிட்டே இல்ல? எனக்கு அக்காவே இல்ல, போ" என்றாள். துக்கத்தில் வந்த சொல். துக்கத்தில் வந்தால் என்ன, சொல் சொல்தானே. அக்காவுக்கும் ரோஷத்துக்குக் குறைச்சலா? "இல்லன்னே வெச்சுக்க" என்று கதவைச் சாத்தினாள். யாராவது ஒருத்தி வீடு மாறிப் போயிருக்கலாம். போகவில்லை. வீம்பாகப் பேசாமல் இருப்பதற்கும் எதிரில் ஆள் வேண்டாமா?

ஆனால் ஓட்டுப் போடும் அன்று மட்டும் பேசுவார்கள்.

இது எப்படி ஆரம்பித்தது என்று இருவருக்கும் தெரியாது. இரண்டு வீட்டுக்கும் ஒரே வாக்குச்சாவடி, தெருக்கோடிப் பள்ளிக்கூடம். ஒருமுறை தற்செயலாக முன்னும் பின்னுமாக நின்றுவிட்டார்கள். வரிசை நகரவில்லை. வெயில். "குடை கொண்டாரலையா?" என்று முன்னால் பார்த்தபடியே அக்கா கேட்டாள். "மறந்துட்டேன்" என்றாள் தங்கை. குடை கொஞ்சம் பின்னால் சாய்ந்தது. அடுத்த தேர்தலிலும் தற்செயலாக அதே நேரத்துக்கு வந்தார்கள். அதற்கடுத்ததிலும். என்ன தற்செயலோ! ஒருத்தி ஜன்னல் வழியாக இன்னொருத்தி செருப்பு மாட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். வரிசையில் முழங்கால் வலி, மாத்திரை, தண்ணீர் வராதது என்று ஏதேதோ பேசுவார்கள். சாவடி வாசல் வந்ததும் பேச்சு அறுந்துவிடும். விரலில் மையோடு ஆளுக்கொரு ஓரமாக வீடு திரும்புவார்கள்.

கோட்டுக்காரி ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் போவாள். அம்மா கடைசியில் என்ன சொன்னாள்? என்னைக் கேட்டாளா? வாய்வரை வரும். அதற்குள் வாசல் வந்துவிடும். போன தடவை, "அக்கா" என்று சொல்லாமலே, "ஒண்ணு கேக்கணும்" என்று தொடங்கியேவிட்டாள். "அடுத்த ஆளு வாங்க" என்று உள்ளிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். அடுத்த தேர்தலில் கேட்டுவிட வேண்டும் என்று அன்றே முடிவு கட்டியிருந்தாள். இப்போது நடுத்தெருவில் கோடு விழுந்தால் அக்காவுக்கு வேறு சாவடி. அப்புறம் எந்த ஜென்மத்தில் கேட்பது?

"நீ எதிர்வீட்டுக்குப் போயி நாலு வார்த்தை பேசினா வேலை முடிஞ்சுது" என்றார் அவள் வீட்டுக்காரர். "அதுக்குத் தொகுதியவே மாத்தணுமா?"

"உங்களுக்கு ஒண்ணும் புரியாது" என்றாள். அவருக்குப் புரிந்துதான் இருந்தது. பேப்பரை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதன்பிறகு அவளுக்குத் தூக்கம் தூக்கமாக இல்லை. கண்ணை மூடினால் அந்த வெள்ளை வரைபடம் கூரைபோல் மேலே விரியும். கட்டங்கள் இலேசாகி, ஒன்றையொன்று உரசிக்கொண்டு மெல்ல நகரும். நீலக்கோடு தெருவின் நடுவே வாய்க்காலாகி, தண்ணீர் ஓடும். கரையில் அவள் நிற்பாள். எதிர்க்கரை ஜன்னலில் பற்கள் வெள்ளையாக மின்னிக்கொண்டே தள்ளித் தள்ளிப் போகும். ஒரு விடியற்காலையில் அந்தக் கட்டங்கள் தாமாகவே ஒரு சுற்று சுற்றி நின்றன. ரப்பர் பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகள் இரண்டுக்குள்ளேயே தலைகளை மாற்றிப் பார்த்திருந்தார், சரிவரவில்லை. மூன்றாவது தொகுதியையும் சேர்த்துக்கொண்டால்? எங்கள் தெருவை முழுசாக எங்கள் தொகுதி எடுத்துக்கொள்ளட்டும், மரக்கிடங்குப் பக்கத்தை மூன்றாவது தொகுதிக்குக் கொடுக்கட்டும், அது ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்தை எதிர்வீட்டுத் தொகுதிக்குத் தள்ளட்டும். எழுந்து உட்கார்ந்து மனக்கணக்குப் போட்டாள். மூன்றும் கச்சிதமாகச் சமன் ஆயின. கோடு தெருவைவிட்டு ரயில் பாதைக்குப் போய்விட்டது. சந்தோஷத்தில் அழுகை வந்தது. அப்புறம்தான் அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்பது நினைவுக்கு வந்தது.

ஆட்சேபம் கேட்கும் நாள் வந்தது. நூலகத்து மாடியில் நீளமான அரங்கம், உயரத்தில் மெதுவாகச் சுற்றும் மின்விசிறிகள். மேடையில் மூவர். மேடைக்குக் கீழே வரைபட மேசை, அதில் ரப்பரும் கோட்டுக்காரியும். யாராவது ஒரு தெருவைச் சொன்னால் திரையில் அதைக் காட்ட வேண்டும், தலைவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். ஆட்சேபம் சொல்கிறவர் தமக்கு வேண்டப்பட்டவர் என்றால் எழுந்து அதைச் சொல்லிவிட்டு மேசையைவிட்டு இறங்கிவிட வேண்டும். இறங்கியபின் அந்த விஷயத்தில் வாயைத் திறக்கக்கூடாது.

ஒருவர் வந்து தொகுதியின் பெயரை மாற்றினால் தன் கல்யாணப் பத்திரிகை வீணாகிவிடும் என்றார். இன்னொருவர் தன் கடை இரண்டு தொகுதியிலும் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார். விசிறிக் காற்றில் ஆளாளுக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது. அப்போது நடுவழியில் முழங்காலைப் பிடித்தபடி ஒருத்தி நடந்து வந்தாள். மைக்கின் உயரத்தைத் தானே குறைத்துக்கொண்டாள்.

அக்கா.

கோட்டுக்காரி அப்போதே எழுந்திருக்க வேண்டும், அது அவள் தெருவும்கூட. எழவில்லை. பேச்சுவார்த்தையே இல்லாதவளை வேண்டப்பட்டவள் என்று எப்படிச் சொல்வது என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். எப்பேர்ப்பட்ட சமாதானம் பாருங்கள். கைமட்டும் பழக்கத்தில் அந்தத் தெருவைத் திரையில் கொண்டுவந்தது.

"தெரு நடுவுல கோடு போட்டிருக்கீங்க. அத மாத்தணும்" என்றாள் அக்கா. மேசைப்பக்கம் திரும்பவே இல்லை. "ஒரே தண்ணிக்குழாய், ஒரே குப்பை வண்டி. ரெண்டா பிரிச்சா கஷ்டம்."

தலைவர் பொறுமையானவர். "அதெல்லாம் மாறாதும்மா. குழாயும் வண்டியும் அப்படியேதான் இருக்கும். ஓட்டுப் போடற இடம் மட்டும்தான் மாறும்."

"அதான் மாறக்கூடாதுங்கறேன்."

"புது இடம் தூரமா?"

"இல்ல. இன்னும் கிட்ட."

அரங்கத்தில் யாரோ சிரித்தார்கள். "அப்ப உங்களுக்கு என்னம்மா நஷ்டம்?" என்றார் தலைவர்.

அக்கா மைக்கைப் பார்த்தாள். பல் அச்சைக் கையில் பிடித்து எங்கே கோணல் என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"எதிர்வீட்டுல என் தங்கச்சி இருக்கா. ரெண்டு பேரும் பேசிக்கறதில்ல. ஓட்டுப் போடற அன்னிக்கு மட்டும் வரிசையில பேசுவோம். கோடு போட்டா அதுவும் போயிடும். எனக்கு அவளோட பேச வேற எடம் இல்லிங்க."

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். "இதுல உங்க தங்கச்சிக்குச் சம்மதமா?" என்று தலைவர் கேட்டார்.

"தெரியலைங்க. கேக்க முடியாதே, பேசறதில்லையே."

கோட்டுக்காரி திரையைவிட்டு அக்காவைப் பார்த்தாள். இவளும் அந்த ஒரு நாளுக்குத்தானா காத்துக்கொண்டிருந்தாள்? பாவி, இதை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஜன்னலைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா? நான்தான் சொல்லியிருக்கக் கூடாதா? அக்கா இன்னமும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் தங்கையின் வேலைக்கு ஏதாவது வில்லங்கம் வரும் என்று பார்க்காமல் நிற்கிறாள் என்பது தங்கைக்கு நன்றாகவே தெரிந்தது.

எந்தத் தாள் யார் கையில் என்று தெரியாத தலைவர் மேசைப்பக்கம் திரும்பினார். "இந்தக் கோட்ட வேற எங்கயாவது கொண்டுபோக முடியுமா? நீங்க சொல்லுங்கம்மா."

அம்மா என்றது அவளைத்தான். பதில் நுனி நாக்கில் இருந்தது. முடியும் ஐயா, மூன்று தொகுதியைச் சேர்த்துச் சுற்றினால் முடியும். சொன்னால் போதும். தலைகள் சமன் ஆகின்றன, ரயில் பாதை எல்லையாகிறது, ஒருவரும் குற்றம் சொல்ல முடியாது. அவள்தான் அந்தத் தங்கை என்று இந்த அரங்கத்தில் யாருக்குத் தெரியும்? தெரு தப்பிக்கும், வரிசை தப்பிக்கும். ஆனால் அங்கே ஒருத்தி ஊர் முன்னால் என் தங்கச்சி, என் தங்கச்சி என்று சொல்லிக்கொண்டு தனியாக நிற்கும்போது, இங்கே முன்பின் தெரியாதவளைப்போல் உட்கார்ந்துகொண்டு அந்தப் பதிலைச் சொல்ல வேண்டும். சொந்த வீட்டுக்காகக் கோட்டை வளைத்தவள் என்று அந்த வெள்ளை வரைபடத்தின் முன்னால் நாளைக்கும் போய் உட்கார வேண்டும். மேலே விசிறிகள் நின்றுவிட்டதுபோல் இருந்தது. அரங்கமே தண்ணீருக்கடியில் போய்விட்டதுபோல் எல்லார் முகமும் இலேசாக அசைந்தது.

அவள் எழுந்து நின்றாள்.

"ஐயா, இதுக்கு நான் பதில் சொல்லக்கூடாது. அவங்க சொல்ற தங்கச்சி நான்தான்."

பதிவு செய்யும் எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே, "அவங்க உங்களுக்கு என்ன வேணும்னு தெளிவா சொல்லுங்க, எழுதணும்" என்றார்.

"என் கூடப்பிறந்த அக்கா."

அத்தனை வருடமாக வாயிலேயே வராத சொல். சொல்லிவிட்டு மேசையைவிட்டு இறங்கினாள். எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. கால்கள் மைக்குக்குத்தான் போயின. அக்கா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

தலைவர் ரப்பரிடம் அதே கேள்வியைக் கேட்டார். ரப்பர் அழிரப்பரை எடுத்தார், மேசையைத் தேய்த்தார், தேய்த்துக்கொண்டே கோட்டுக்காரியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் போட்டுப் பார்த்த வரைக்கும் வேற வழி தெரியலைங்க" என்றார். அவரும் பொய் சொல்கிறவர் இல்லை.

மூவரும் தலையைச் சேர்த்துக் கொஞ்ச நேரம் பேசினார்கள். "அம்மா, எங்கெங்க எல்லை போடலாம்னு சட்டத்துல சில காரணம் சொல்லியிருக்கு" என்றார் தலைவர். "நீங்க சொன்னது அதுல இல்ல. இருந்திருக்கலாம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோடு அங்கேயே இருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வெளியே நூலகத்துப் படிகளில் வெயில் மங்கலாக இருந்தது. அக்கா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். பாதியில் நின்றாள்.

"நெஜமாவே வேற வழி இல்லையா?"

"இருந்துச்சு."

"தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்டி வாய மூடிக்கிட்ட? நான் இந்த முழங்கால வெச்சுக்கிட்டு இத்தனை படி ஏறி வந்தேனே, கூறுகெட்டவளே."

தங்கை படியிலேயே உட்கார்ந்தாள். முணுமுணுத்துக்கொண்டே அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கே வாசல் எதுவும் வரவில்லை, அடுத்த ஆளைக் கூப்பிடவும் யாருமில்லை. தெருவில் ஆட்கள் சத்தமில்லாமல் மிதந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

"அம்மா கடைசியில என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

அக்கா சேலை நுனியில் ஒட்டியிருந்த வெள்ளை மாவை நகத்தால் சுரண்டினாள்.

"உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க" என்றாள். "கண்ணு சரியா தெரியல. நான்தான் நீயின்னு நெனச்சுட்டாங்க. வந்துட்டியான்னு கேட்டாங்க. நானும் வந்துட்டேம்மான்னேன். வேற என்ன சொல்றது? கையப் பிடிச்சு முத்தம் குடுத்தாங்க. எல்லாம் உனக்குத்தான்."

தங்கையின் கண்ணிலிருந்து தண்ணீர் தானாக வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

"உன்னக் கேக்கலையா அவங்க?"

"கேட்டாங்க. அக்கா எங்கடி, காணோமேன்னாங்க." அக்கா தெருவைப் பார்த்தபடியே சொன்னாள். "உள்ள வேலையா இருக்கா, இப்ப வந்துடுவாம்மான்னு சொன்னேன். ரெண்டு தடவை கேட்டாங்க, ரெண்டு தடவையும் அதையேதான் சொன்னேன். கதவையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் வரவே இல்லடி."